பாறை மேட்டுக்கு ஒரு வண்டி

“…நாலு சக்கரமும் சேந்து இழுக்கணும்னா இந்த பட்டன அமுக்கணும். ஆனா வண்டிய நிறுத்திட்டு அமுக்குங்க, ஓட்டிக்கினு போறப்ப வேணாம். பாறையில ஏறணும்னா கீழயே முடிவு பண்ணிடணும் சார். பாதி மேட்டுல நின்னு யோசிச்சா வண்டிக்கும் கொழப்பம், நமக்கும் கொழப்பம்,” என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் பெங்களூரிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒரு நரைத்த தலைக்காரர். முல்பாகல் பக்கம் தோப்பு வாங்கியிருப்பதாகச் சொன்னார். மாமாவைத்தான் வண்டி விற்கிற அந்த இடத்தின் முதலாளி என்று நினைத்துவிட்டார். யாரும் அதைத் திருத்தவில்லை. உண்மையான முதலாளி ஷெட்டு வாசலில் ஒரு துணியை வைத்துக்கொண்டு எதையோ துடைத்துக்கொண்டே இருந்தார். முகம் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போன என் அக்கா, கழுவி முடிக்கவே இல்லை. நான் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு, வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டி அன்று காலைவரை எங்களுடையது. கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். மாரிகுப்பம் ஸ்டேஷன் வாசலில் பெங்களூர் ரயிலுக்கு வந்து போகிற ஜனங்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். மிச்சமெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் கற்றதுதான். புருஷனைப் புதைத்துவிட்டுக் கொஞ்ச நாளில் என் ஆட்டோவில் ஏறிய ஒரு அம்மா, “துக்கம் கேக்க வந்தவங்களுக்கெல்லாம் நான்தான் காபி போட்டுக் குடுத்தேன். எனக்கு யாரும் போட்டுக் குடுக்கல தம்பி, அதான் இன்னும் அழல,” என்றார். இறங்கும்போது சில்லறை கொடுக்க மறந்தார், நானும் கேட்கவில்லை. இந்த மாதிரிப் பேச்சுக்களை நான் மனதுக்குள் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் மாமா சொன்னவை. மாமா என்றால் அக்காவின் புருஷன். அக்காவுக்குக் கல்யாணமானபோது நான் அரைக்கால் சட்டை. அன்றிலிருந்து அவர் வாயைப் பார்த்தே வளர்ந்தவன்.

மாமா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிற மிஷின் பிடித்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு எல்லாரையும் போல விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய், கட்டட வேலையில் காங்கிரீட் உடைக்கிற மிஷின் பிடித்தார். “கீழ ஒடச்சேன், இப்ப மேல ஒடைக்கிறேன். என் ஜாதகத்துல கட்டுறதே கிடையாது மச்சான்,” என்பார். சுரங்கம் மூடியபோது வந்த தொகையில் மற்றவர்கள் மகளுக்குக் கல்யாணம் செய்தார்கள், வீட்டுக்குத் தளம் போட்டார்கள். மாமா பங்காருபேட்டை தாண்டி ஒரு பாறை மேட்டை வாங்கினார். அதைப் பார்த்த அன்று அக்கா மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்தாள். கையில் கல்தான் வந்தது. “இதுல இன்னா வெளையும்? ஜல்லி வெளையும்,” என்றாள்.

மா விளைந்தது. குழி தோண்டுவது மாமாவுக்குத் தெரிந்த வேலை. பாறை எங்கே பிளந்து இடம் கொடுக்கும் என்று தட்டிப் பார்த்து, அந்தந்த இடத்தில் கன்று வைத்தார். அதனால் அவர் தோப்பில் வரிசை கிடையாது. மரங்கள் சந்தைக்கு வந்த கூட்டம் மாதிரி கண்டபடி நிற்கும். மேலே ஒரு கல் கொட்டகை, அதன் பக்கத்தில் ஒரு கிணறு. தார் ரோடு கீழேயே நின்றுவிடும். அங்கிருந்து கொட்டகைவரை மழைத் தண்ணீர் அறுத்த ஓடையும், வழுக்குப் பாறையும், கருவேல முள்ளும்தான். மாமா அதை “ரெண்டு பீடி தூரம்” என்பார். ஞாயிறானால் தனியாகப் போய்விடுவார். துணைக்கு யாரும் வரக் கூடாது. பூமிக்குக் கீழே ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை, மேலேயாவது இருந்து பார்க்கிறேன் என்பது அவர் வாதம். அங்கே என்ன செய்கிறார் என்று அக்கா ஒருமுறை என்னை வேவு பார்க்க அனுப்பினாள். மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். அதை அக்காவிடம் சொன்னபோது, வேறொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது என்றாள்.

பிறகு சர்க்கரை வந்தது. வலது கால் சுண்டு விரலில் ஒரு முள் குத்தியது. அது முள் என்றே அவருக்குத் தெரியவில்லை. கோலார் ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். “தவணை முறையில எடுத்துக்கினாங்க,” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். வந்தவர்களும் சிரித்துவிட்டு, வாசலைத் தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செயற்கைக் கால் ஒன்று கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோல் பிடித்து, சுரங்கக்காரர்களுக்கென்று கட்டிய எங்கள் லைன் வீடுகளின் சமதளமான சந்தில் நடப்பார். பாறையில் அது ஆகாது.

அந்த வருஷம் மாமரம் பூத்தது. பார்க்க வேண்டும் என்றார். நானும், மேட்டுக்குப் பக்கத்து நிலத்துக்காரரும், அவர் ஆள் இரண்டு பேருமாகக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். வெயிலுக்காக அக்கா ஒரு வெள்ளை வேட்டியை அவர் மேல் போர்த்தியிருந்தாள். வழியில் வேர்க்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். நாங்கள் நால்வரும் அதைப் பார்த்தோம். மாமாவும் பார்த்தார். கட்டிலில் இருந்தபடியே அந்தப் பெரியவரைப் பார்த்துத் தெலுங்கில், இன்னும் நேரமிருக்கிறது, துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். எல்லாரும் சிரித்தோம். மேலே போய்ப் பூவைப் பார்த்தார். திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்: “மச்சான், இனிமே அங்க நானா போனாத்தான் போவேன். தூக்கிக்கினு போறதா இருந்தா, துண்ட அவுத்தா தப்பில்லன்னு ஆனப்பறம் தூக்குங்க.”

அது வீம்புப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு பூ உதிர்ந்து, பிஞ்சு பிடித்து, காய் இறங்கியது. மாமா போகவில்லை. நாங்கள் கூப்பிட்டும் போகவில்லை. கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு குறைந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் வெள்ளை வெளேரென்று மண் மேடுகள் உண்டு. பொன் எடுத்த பிறகு கொட்டிய மண். சயனைடு மேடு என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர்க்காரர்கள் அங்கே வண்டி ஓட்ட வருவார்கள். பெரும்பாலும் பைக்தான். ஒருநாள் அதில் நான்கு கொழுத்த சக்கரத்தோடு ஒரு வண்டி, மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடியும் சீட்டும் வைத்து, மாடு மாதிரி அசைந்து அசைந்து மேட்டில் ஏறியது. ஆட்டோவில் மாமா என்னோடு இருந்தார். நிறுத்தச் சொன்னார். அது இறங்கி வருகிறவரை காத்திருந்தார். ஓட்டியவரிடம் இது என்ன வண்டி, பாறையில் ஏறுமா, கால் வேண்டுமா என்று கேட்டார். ஏடிவி என்றார் அவர். ஏறும் என்றார். கடைசிக் கேள்விக்கு மாமாவின் காலைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி, பெரும்பாலும் கைதான் என்றார்.

வீட்டுக்கு வரும்வரை மாமா பேசிக்கொண்டே வந்தார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம். “அதுக்கு நாலு கால் மச்சான், எனக்கு ஒண்ணு. கூட்டிப் பாரு, ரெண்டு பேருக்கும் சேத்து அஞ்சு. இன்னும் இன்னாடா வேணும்?”

அக்கா கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “நடக்கவே வழியக் காணோம், இவரு ரேஸுக்குப் போறாராம். இன்னாங்க, ஹெல்மெட்டு ஒண்ணு போதுமா, காலுக்கு ஒண்ணு வாங்கணுமா?” என்றாள். ஆனால் அன்று ராத்திரி மாமா இரண்டாவது தடவை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார். மறுநாள் காலை அவளே என்னிடம் வந்து, அந்த வண்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். பணத்துக்காகப் பெங்களூரில் வேலை பார்க்கிற மகளிடம் பேசியதும் அவள்தான்.

அதற்கப்புறம் வண்டி தேடுவதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. கோலார் மலையடிவாரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு ஏடிவி ஓட்டவிடுகிற ஒரு இடம் இருந்தது. பழைய வண்டிகளை வாங்கிச் சரிபார்த்து விற்கவும் செய்வார் அதன் முதலாளி. கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற பொறுமைசாலி. அவரிடம் நாங்கள் போய் உட்கார்ந்துகொண்டால், இருக்கிற வண்டி ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்துவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

முதலில் கண்ணுக்குப் பட்டது சிவப்பில் சின்னதாக ஒன்று. விலையும் குறைவு, பார்வைக்கும் லட்சணம். ஆனால் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும், சங்கிலி வண்டி, வயிறு தாழ்வு. மேட்டிலிருக்கிற கல்லில் வயிறு தட்டும் என்று மாமாவே கழித்துவிட்டார். அடுத்தது நான்கு சக்கரமும் இழுக்கிறது, பலமானது, ஆனால் கியரைக் காலால் மாற்ற வேண்டும். இடது கால்தான், மாமாவுக்கு இருக்கிற கால். சரி என்றுதான் நினைத்தோம். அக்காதான், இருக்கிற ஒற்றைக் காலையும் வேலைக்கு அனுப்பிவிட்டால் எதை ஊன்றி உட்காருவார் என்று கேட்டாள். அதுவும் போனது. காரைப் போல ஸ்டியரிங் வைத்த பெரிய வகை ஒன்று உண்டு. அது அந்த முள்ளுக்குள் நுழையாது.

கடைசியில் ஒரு பச்சை வண்டி வந்தது. தோட்ட வேலைக்கென்றே செய்தது. முன்னாலும் பின்னாலும் இரும்புத் தட்டு, மாங்காய்க் கிரேட்டு வைத்துக் கட்டலாம். முன்னால் இழுவைக் கம்பி சுற்றிய உருளை, ஓடையில் சிக்கினால் மரத்தில் மாட்டித் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும். கியர் தானாக விழும். மேடு ஏற ஒரு தாழ்ந்த கியர் உண்டு, இறங்கும்போது அதுவே பிடித்து நிறுத்தும். பின்னால் போகவும் கியர் உண்டு. டயரில் காற்று கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் பாறையை அணைத்துக்கொண்டு ஏறும். இதை நான் நம்பவில்லை. ஆட்டோக்காரன் மெத்தென்ற டயரைப் பார்த்தால் காற்றடிக்கத்தான் ஓடுவான். பிரேக் வலது காலிலும் உண்டு, இடது கையிலும் உண்டு. காலை விட்டுவிடலாம், கை போதும் என்றார் முதலாளி. வேகம் கொடுப்பது வலது கைக் கட்டை விரலால். லீவர் மாதிரி ஒரு சின்ன நெம்பு, அதை அமுக்க அமுக்க வண்டி போகும்.

இந்த வகை வண்டிக்கு ரோட்டில் ஓட அனுமதி கிடையாது. அதனால் மேட்டடியில் பக்கத்து நிலத்துக்காரர் தன் மாட்டுக் கொட்டகையில் நிறுத்திக்கொள்ள இடம் தருவதாகச் சொன்னார். ரோடு முடிகிறவரை என் ஆட்டோ, அங்கிருந்து மாமாவின் வண்டி. எல்லாம் பொருந்தி வந்தது. ஒன்றில்தான் தகராறு. மாமாவுக்குப் பின்னால் இன்னொரு ஆள் உட்காருகிற நீளச் சீட்டு வேண்டும். வேலை முடிந்ததும் மேட்டடிப் பாதையில், தோப்பைச் சுற்றி, அக்காவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வர வேண்டுமாம். “பின்னாடி கட்டிக்கினு போறதுக்கு நான் இன்னா மூட்டையா? தனியா இருக்கணும்னுதான அந்த மேட்ட வாங்கினீங்க? தனியாவே போங்க. கிரேட்டு வைக்கிற தட்டு போதும்,” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை எங்கேயாவது சுற்றிக் காட்டுகிறேன் என்று மாமா சொன்னது அதுதான் முதல் தடவை.

செயற்கைக் கால் உரசிய புண் முழுதும் ஆறாததால் டாக்டர் ஓட்ட விடவில்லை. அதனால் அதுவரை மாமா வண்டிகளில் ஏறி உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஏறுவது எப்படி, செயற்கைக் காலை எங்கே வைப்பது, கழன்றால் என்ன செய்வது, ஊன்றுகோலை எங்கே செருகுவது, எல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டோம். அவர் காலைப் பற்றி நாங்கள் யோசிக்காத யோசனை இல்லை. டாக்டர் சரி என்றதும் நாள் பார்த்தாள் அக்கா. எலுமிச்சம் பழம், குங்குமம், கற்பூரம், தக்காளிச் சோறு எல்லாம் எடுத்துக்கொண்டாள். மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

முதல் தடவை அமுக்கியதும் வண்டி குபீரென்று பாய்ந்து நின்றது. எல்லாருக்கும் அப்படித்தான், மெதுவாக அமுக்குங்கள் என்றார் முதலாளி. சிரித்தோம். இரண்டாவது தடவையும் பாய்ந்தது. மூன்றாவது தடவை ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயரில் போய் முட்டியது. அடியில்லை. முதலாளி கைப்பிடியில் இருந்த ஒரு திருகாணியைத் திருகினார். எவ்வளவு அமுக்கினாலும் ஒரு அளவுக்கு மேல் போகாமல் அது தடுக்குமாம். இப்போது வண்டி நல்ல பிள்ளையாக நடந்தது. மாமா மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்களைக் கடக்கும்போது அக்கா பக்கம் பார்த்து, அதிகாரி மாதிரி தலையை ஆட்டினார். அக்கா எலுமிச்சம் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அங்கே பழகுவதற்கென்று பாறை போட்டு ஒரு மேடு கட்டியிருந்தார்கள். மாமா அதில் ஏற்றினார். பாதியில் வண்டி திணறியது. திருகாணி தடுத்த வேகத்துக்கு அந்த ஏற்றம் அதிகம். பிரேக் பிடியுங்கள் என்று முதலாளி சொன்னார். பிடித்திருக்கிறேன் என்றார் மாமா. வண்டி பின்னால் உருண்டது. பிடியுங்கள் என்று மறுபடி சொன்னார். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார் மாமா, நிதானமாக, கொஞ்சம் எரிச்சலோடுகூட. நானும் முதலாளியும் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தோம். முதலாளி எட்டிக் கைப் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது.

மாமாவின் விரல்கள் பிரேக் நெம்பின் மேல்தான் இருந்தன. ஆனால் அதை இழுக்கவில்லை. கம்பியில் உட்கார்ந்திருக்கிற குருவி மாதிரி சும்மா மேலே உட்கார்ந்திருந்தன.

“பிடிச்சிக்கினுதான் இருந்தேன் மச்சான்,” என்றார். அப்புறம் குனிந்து தன் கையைப் பார்த்தார். விரலை மடக்கினார், நீட்டினார். கட்டை விரலை அந்தச் சின்ன நெம்பின் மேல் வைத்துப் பார்த்தார். “பாத்தாத்தான் தெரியுது,” என்றார். “அமுக்குறேனா இல்லையான்னு பாத்தாத்தான் தெரியுது. கையப் பாத்தா வழியப் பாக்க முடியல.”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இதை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாராவது மறப்பார்களா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மிஷின் பிடித்தவர்களுக்கெல்லாம் விரல் மரத்துப்போகும். வருஷக்கணக்காக அதிர்ந்த கை. மார்கழிக் குளிரில் விரல் நுனி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். எங்கள் லைனில் எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான். டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குடிப்பார்கள். ஆண்கள் டீ குடிக்கிற முறையே அதுதான் என்று நினைத்து நாங்களும் சின்ன வயதில் அப்படியே குடித்தோம். யார் அப்பாவுக்கு விரல் அதிகம் வெளுக்கிறது என்று போட்டி வேறு. அதை நோய் என்று யாரும் சொன்னதில்லை, குறை என்றும் சொன்னதில்லை. தலை நரைக்கிற மாதிரி அதுவும் ஒன்று. மாமாவிடம் இல்லாத காலை எல்லாரும் பார்த்தோம். இருக்கிற கையை யாரும் பார்க்கவில்லை.

அக்கா மெதுவாக வந்தாள். மாமாவின் சட்டையில் மேல் பட்டன் கழன்றிருந்தது. எப்போதும் போல அவள் கை தானாகப் போய் அதைப் போட்டது. கல்யாணமான புதிதிலிருந்தே மாமாவுக்குப் பட்டன் போட்டுவிடுவது அவள்தான். லைன் முழுக்க அதை வைத்துக் கேலி செய்வோம், புது மாப்பிள்ளை என்று. மாமாவும் அந்தக் கேலியை ரசிப்பார். பட்டனைப் போட்ட கையை அவள் எடுக்கவில்லை. அவர் நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“தினம் நான்தானடா போட்டு விடுறேன்,” என்றாள் என்னைப் பார்த்து. “எதுக்குப் போட்டு விடுறேன்னே மறந்துட்டேன்.”

முதலாளி நல்ல மனிதர். விற்காமல் போகிறதே என்ற கவலையை விட வேறு ஏதோ அவர் முகத்தில் இருந்தது. கட்டை விரல் நெம்பைக் கழற்றிவிட்டு, பைக்கில் இருப்பது போலத் திருகுகிற பிடி போடலாம் என்றார். ஷெட்டிலிருந்து அப்படி ஒரு பிடியை எடுத்து வந்து கொடுத்தார். மாமா திருகிப் பார்த்தார். திருகுகிறோமா, வெறுமனே கை வழுக்குகிறதா என்று அதிலும் தெரியவில்லை. அதுவுமில்லாமல் பாறையில் உடம்பு குலுங்கும்போது பிடி தானாகத் திருகிக்கொள்ளும் என்று முதலாளியே ஒப்புக்கொண்டார். அப்படிச் செய்தாலும் பிரேக்குக்கு வழியில்லை. கால் இல்லாததைக் கை பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் போட்ட கணக்கு அங்கே முடிந்தது. நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்றேன்.

“அதுக்குக் கட்டிலே தேவலாம்டா,” என்றார் மாமா. கோபமில்லாமல்தான் சொன்னார்.

மர நிழலில் போய் உட்கார்ந்தோம். தக்காளிச் சோற்றை யாரும் பிரிக்கவில்லை. மாமா என்னிடம், பக்கத்து நிலத்துக்காரருக்குப் போன் போடு என்றார். இந்த வருஷத்திலிருந்து காயை அவரே எடுத்துக்கொள்ளட்டும், மேட்டையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லச் சொன்னார். வீட்டுக்குப் போய் ஆற அமர யோசிக்கலாம் மாமா என்றேன்.

“வீட்டுக்குப் போனா மனசு மாறும். மாறுன மனச வச்சிக்கினு நான் எங்க போறது? இங்கயே போடு.”

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தெலுங்கில், ஐயா எப்போது வந்தாலும் இது ஐயாவின் மேடுதான், காய் பழுத்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். மாமா குனிந்து போனுக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோய், ஓடையோரம் இருக்கிற மரத்துக்கு வேர் மேலாக ஓடுகிறது, அங்கே மட்டும் உழ வேண்டாம் என்றார். அக்கா எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள்.

அந்த நேரத்தில்தான் பெங்களூர்க் கார் வந்து நின்றது. கணவனும் மனைவியும் இறங்கி நேராகப் பச்சை வண்டியிடம் போனார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இது பாறையில் ஏறுமா என்று மனைவி கேட்டார். கணவருக்குத் தெரியவில்லை. முதலாளி எங்கள் பக்கம் பார்த்துவிட்டு நகராமல் நின்றார். எங்கள் முன்னால் அந்த வண்டியை விற்க அவருக்கு மனம் வரவில்லை. மாமா ஊன்றுகோலை ஊன்றி எழுந்து போனார்.

ஏறும் என்றார். எப்படி ஏறும் என்று சொன்னார். டயரில் ஏன் காற்றுக் குறைவாக இருக்க வேண்டும், இழுவைக் கம்பியை மரத்தில் எந்த உயரத்தில் மாட்ட வேண்டும், தட்டில் கனமானதை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இத்தனை மாதம் அந்த முதலாளியிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததையெல்லாம் அந்த மனிதருக்குக் கொடுத்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற பட்டனைக் காட்டினார். வந்தவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பின்பு வண்டியில் ஏறி உட்கார்ந்து, நீங்கள் ரொம்ப நாளாக இதை ஓட்டுகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

“ஒரு சுத்து ஓட்டியிருக்கேன் சார்,” என்றார் மாமா.

அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். முதலாளி வந்து இன்ஜினைப் போட்டுவிட்டு, கியர் போடாமல் ஒதுங்கினார். வேகத்தை எப்படிக் கொடுப்பது, பைக் மாதிரி திருக வேண்டுமா என்று கேட்டார் வந்தவர். கட்டை விரல் என்றார் மாமா. மெதுவாக அமுக்க வேண்டும் என்றார். எவ்வளவு மெதுவாக என்று அவர் கேட்டார்.

மாமா ஊன்றுகோலை வண்டிமேல் சாய்த்துவைத்தார். வந்தவரின் வலது கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் எடுத்து, கைப்பிடியில் வைத்து, அவருடைய கட்டை விரலை அந்த நெம்பின் மேல் சரியாகப் பொருத்தி, மேலிருந்து தன் உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். இன்ஜின் சத்தம் மெல்ல மெல்ல ஏறியது. பாயவில்லை, திமிறவில்லை.

“அது திருப்பித் தள்ளுது பாருங்க. தெரியுதா சார்?”

“தெரியுதுங்க.”

“விரலுக்கு நல்லாத் தெரியுதா?”

“நல்லாவே தெரியுதுங்க.”

மாமா தன் கைகளை எடுத்துக்கொண்டார். ஊன்றுகோலைத் தேடி எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, வண்டி போவதற்கு வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.